வண்டிச் சக்கரமும் காரநீரும்



குமுளியிலிருந்து லோயர் கேம்ப் வரை இறங்கும் மலைப்பாதையைக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு வருணித்துக் காட்ட வேண்டுவதில்லை. ஒரு புறம் பாறை, மறு புறம் பள்ளம். இடையே தேக்கடியின் நீரைச் சுமந்து மின்நிலையத்திற்கு இறங்கும் பெருங்குழாய்கள். கார்த்திகை, மார்கழித் திங்கள்களில் ஐயப்பன் கோயிலுக்குச் சென்று மீளும் வண்டிகள் இவ்வழியே சாரிசாரியாக வரும். அடிவாரத்துத் தேநீர்க் கடையருகே அவை நிற்கும்பொழுது ஒரு கருகல் நாற்றம் எழும். முன்சக்கரங்களைக் குனிந்து பார்த்தால், வெளுத்த வேட்டியில் அடுப்புக்கரியைத் தூவினாற்போல ஒரு கரும்பொடி அப்பியிருக்கும். அந்தப் பொடியைப் பற்றியும், அதைப் போக்குவதற்கு நாம் கடையில் வாங்கும் திரவத்தைப் பற்றியும், அத்திரவத்தால் எனக்கு நேர்ந்த ஒரு தலைகுனிவைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் பொடியைப் பார்ப்போம். ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள ஒரு மோட்டார் வண்டி 400 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த உயரத்தில் அதற்கு இருந்த நிலையாற்றல் ஏறத்தாழ நாற்பது லட்சம் ஜூல். பன்னிரண்டு லிட்டர் நீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவர இது போதும். இந்த ஆற்றலில் ஒரு பகுதியை எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளும். எஞ்சியதை எல்லாம் பிரேக்தான் வெப்பமாக மாற்றித் தீர்க்கவேண்டும். சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புத் தட்டை இரு புறமும் பட்டைகள் இறுகப் பற்றி உரசுகின்றன. உரசும்பொழுது இரும்பின் நுண்துகளும், பட்டையிலுள்ள கரியும் பிசினும் தேய்ந்து சூடாகத் தெறிக்கின்றன. தெறித்தவை சக்கரத்தின் மேற்பூச்சில் ஒட்டிக்கொள்கின்றன. இரவுப் பனியோ சாரல் மழையோ பட்டால் இரும்புத் துகள் துருவேறி, பழுப்பு நிறமாகிப் பூச்சோடு பிணைந்துவிடுகிறது. வெறும் நீரை ஊற்றினால் இது போவதில்லை. ஆகவேதான் நாம் ஒரு துப்புரவுத் திரவத்தைத் தேடுகிறோம்.

நான் முப்பது ஆண்டுகள் இப்பள்ளத்தாக்கில் வேதியியல் கற்பித்தவன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வண்டிப்பெரியாற்றில் ஒரு திருமணத்திற்குச் சென்று, என் பழைய காரில் மலையிறங்கி வீடு வந்து சேர்ந்தேன். மறுநாளும் ஒரு சுபகாரியம் இருந்தது. கரிபடிந்த சக்கரங்களோடு போய் நிற்க மனம் ஒப்பவில்லை. கடையில் ‘ஆல் பர்ப்பஸ் கிளீனர்’ என்று எழுதிய ஐந்து லிட்டர் டப்பா ஒன்றை வாங்கிவந்தேன். எல்லாக் காரியத்திற்கும் ஏற்றது என்பது அச்சொற்களின் பொருள். அடுப்படிச் சுவர், தரை, எஞ்சின், சக்கரம் எல்லாவற்றின் படங்களும் டப்பாவின்மேல் இருந்தன. எதிர்வீட்டுத் தம்பி, பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிப்பவன், “நான் துடைத்துத் தருகிறேன், சார்” என்று தானே வந்தான். சக்கரங்கள் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தன. “அப்படியே அடித்துவிடு, தம்பி; சூட்டில் நன்றாக இளகும்” என்று அவனிடம் சொன்னவன் நான்தான்.

நீர் கலவாத திரவத்தை அவன் தெளித்தான். நுரை பொங்கிற்று. அழுக்கு எத்தனை வேகமாகக் கரைகிறது என்று நாங்கள் இருவரும் வியந்தோம். நான் காப்பி அருந்த உள்ளே சென்று திரும்புவதற்குள் நுரை உலர்ந்துவிட்டது. கழுவிப் பார்த்தபொழுது, மேற்பூச்சு உரிந்திருந்த இடங்களிலெல்லாம் அலுமினியம் தன் பளபளப்பை இழந்து, திருநீறு பூசினாற்போல வெளுத்திருந்தது. முன்னும் பின்னும் துடைத்தோம், மாறவில்லை. பிறகே டப்பாவைத் திருப்பி, சிறிய எழுத்தில் இருந்ததைப் படித்தேன். அதிலிருந்த பொருள்களுள் ஒன்று சோடியம் ஹைடிராக்சைடு. அதாவது காஸ்டிக் சோடா.

அலுமினியத்தைக் காஸ்டிக் சோடா கரைத்துவிடும் என்பதை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். அலுமினியம் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடி, தன்மேல் மிக மெல்லிய ஓர் ஆக்சைடுத் தோலைப் போர்த்திக்கொள்கிறது. அந்தத் தோல் இருக்கும்வரை மழையும் வெயிலும் அதை அசைப்பதில்லை. ஆனால் அந்த ஆக்சைடு ஈரியல்பு உடையது. வல்லமிலத்திலும் கரையும், வன்காரத்திலும் கரையும். தோல் கரைந்தபின் காரம் உள்ளிருக்கும் உலோகத்தைத் தின்னத் தொடங்குகிறது. ஹைடிரஜன் குமிழிகள் கிளம்புகின்றன. நாங்கள் வியந்த நுரையில் ஒரு பகுதி அழுக்கு போகும் நுரை அன்று. சக்கரம் போகும் நுரை. மண்ணிலிருந்து அலுமினியத்தைப் பெறுவதற்கும் இதே காரத்தைத்தான் மனிதன் நாடினான் என்பது இதிலுள்ள விந்தை. பாக்சைட்டைச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைத்து அலுமினாவைப் பிரிக்கும் முறையை 1880களின் இறுதியில் கார்ல் பேயர் கண்டார். சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு, 1960களில் தொடங்கிய மேட்டூர் ஆலையில் அலுமினியம் வடித்தார்கள். மலையிலிருந்து அதைக் கரைத்து எடுத்த பொருள், சக்கரத்திலிருந்தும் கரைத்து எடுக்கும் அன்றோ!

சக்கரம் வெளுத்ததை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வது அதன் விலையை எண்ணியன்று. நான்கு நாள் கழித்து அந்தப் பையனின் தந்தை என் வீட்டுக்கு வந்தார். சுருளிப்பட்டிப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவர். “வாத்தியாரய்யா, பையன் கையைக் கொஞ்சம் பாருங்க, தோட்டத்துல கத்தரிக்கோலப் பிடிக்க முடியலங்கிறான். உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு சொல்லிட்டான்” என்றார். பார்த்தேன். விரல் நுனிகளில் தோல் சிவந்து உரிந்து, மடிப்புகளில் வெடித்திருந்தது. துடைக்கும்பொழுது ஒன்றும் தெரியவில்லையா என்று கேட்டேன். “எரியல சார், வழுவழுப்பாத்தான் இருந்துச்சு, சோப்பு மாதிரி” என்றான்.

அந்த வழுவழுப்பைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். காரம் தோலிலுள்ள கொழுப்போடு சேர்ந்து சவர்க்காரமாகிறது. கையில் அவன் உணர்ந்த சோப்பு, அவனுடைய கையாலேயே ஆன சோப்பு. அமிலம் பட்டால் உடனே சுரீரென்று எரிந்து நம்மை எச்சரிக்கும். காரமோ பல வேளைகளில் ஓசையின்றி உட்செல்லும். நம் சலவைத் தொழிலாளர் இதை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். சோப்பு வருமுன் அவர்கள் துணி வெளுக்கப் பயன்படுத்திய உவர்மண் காரம் மிகுந்த மண்ணேயாகும். பருத்தித் துணியை உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவியில் வேகவைப்பார்கள், பட்டை வைக்கமாட்டார்கள். பருத்தி செடியின் நார். பட்டு புழுவின் புரதம். புரதம் காரத்தைத் தாங்காது. நம் தோலும் புரதமே. எது எதைத் தாங்கும் என்று அறிந்து பிரித்து வைத்த அந்த அறிவு, எல்லாக் காரியத்திற்கும் ஏற்றது என்று எழுதிய டப்பாவில் இல்லை.

நான் பேசாமல் இருந்ததைக் கண்டு தந்தையே பேச்சைத் தொடர்ந்தார். திராட்சைக் கொடிக்கு அடிச்சாம்பல் நோய் வராமல் தடுக்க அவர் போர்டோ கலவை தெளிப்பவர். மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ, நீர் நூறு லிட்டர் என்பது அவர்கள் கணக்கு. கலவை தயாரானதும் துருவில்லாத இரும்புக் கத்தி ஒன்றை அதில் சிறிது நேரம் முக்கி எடுப்பார்கள். கத்தியில் செம்புநிறம் படிந்தால் துத்தம் மிகுதி, இலை கருகிவிடும். மேலும் சுண்ணாம்பு நீர் ஊற்றுவார்கள், படியாதபோதுதான் தெளிப்பார்கள். “ஒரு தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தையே கத்திய முக்கிப் பார்த்துட்டுத்தானே அடிக்கிறோம்” என்று சொல்லிவிட்டு அவர் காப்பி குடித்தார். குற்றம் சாட்டும் தொனி அவர் குரலில் இல்லை. அதனாலேயே எனக்குக் கூடுதலாக வெட்கமாயிற்று.

அன்றுமுதல் நான் சக்கரம் கழுவும் முறையை மாற்றிக்கொண்டேன். முறை எளியது, பொறுமைதான் வேண்டும்.

மலையிறங்கி வந்த வண்டியை நிழலில் நிறுத்தி, சக்கரம் கைபொறுக்கும் சூட்டைவிடக் குளிரும்வரை காத்திருப்பேன். சூட்டில் திரவத்திலுள்ள நீர் ஆவியாகி, நாம் கலந்த நீரின் பயன் கெடுகிறது; காரம் மீண்டும் செறிவடைந்து அங்கேயே உலர்ந்துவிடுகிறது. சூடான பிரேக் தட்டில் குளிர்ந்த நீரைக் கொட்டினால் அது கோணுவதற்கும் இடமுண்டு. தரை சமமாக இருக்கவேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்திற்கு முன்னும் பின்னும் கல் கொடுக்கவேண்டும். குனிந்து வேலை செய்பவனின் தலை சக்கரத்தின் அருகில் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். பிறகு வெறும் நீரைப் பாய்ச்சி மணலையும் தளர்ந்த பொடியையும் போக்குவேன். இதைச் செய்யாமல் தேய்த்தால் அந்த மணலே உப்புத்தாளாகிப் பூச்சைக் கீறிவிடும்.

திரவத்தை நீரில் கலக்கும் அளவு டப்பாவில் எழுதியிருக்கும். அதுவே முதல் விதி. பொதுவாக, பூச்சுள்ள சக்கரத்திற்கு ஒரு பங்கு திரவமும் பத்துப் பங்கு நீரும், அழுக்கு மிகுந்த டயருக்கு ஒரு பங்கும் நான்கைந்து பங்கு நீரும் நான் கொள்ளும் அளவு. காரத்தின் வலிமையை நாம் பி.ஹெச். என்னும் அளவுகோலால் அளக்கிறோம். 1909-இல் கோபன்ஹேகனில் சோரன்சன் வகுத்தது அது. தூய நீர் 7. அதற்கு மேலே ஏறும் ஒவ்வொரு படியும் பத்து மடங்கு. 9 என்பதற்கும் 12 என்பதற்கும் உள்ள வேறுபாடு மூன்று அன்று, ஆயிரம் மடங்கு என்பதைக் கணக்குப் படிக்கும் மாணவர்கள் உடனே காண்பார்கள். பாட்டிலில் முதலில் நீரை விட்டுப் பின் திரவத்தைச் சேர்க்கவேண்டும். அந்தப் பாட்டில் குளிர்பானப் பாட்டிலாக இருத்தல் ஆகாது. வீட்டில் குழந்தைகள் இருப்பார்கள். என்ன கலந்திருக்கிறது என்று அதன்மேல் எழுதி ஒட்டிவிடுவது நல்லது.

திராட்சைக்காரரின் கத்திச் சோதனையை இங்கும் செய்யலாம். சக்கரத்தின் உட்புறத்தில், கண்ணில் படாத ஓர் இடத்தில் கலவையைச் சிறிது தடவி, ஒரு நிமிடம் கழித்துக் கழுவிப் பாருங்கள். வெளுக்காமலும் மங்காமலும் இருந்தால் மேலே செல்லலாம். பூச்சில்லாமல் மெருகேற்றிய அலுமினியமாக இருந்தாலோ, என் வண்டியைப் போலப் பூச்சு உரிந்திருந்தாலோ, காரத் திரவமே வேண்டாம். வண்டி கழுவும் மென்மையான சோப்பு நீர் போதும். வண்ணம் பூசிய எஃகுச் சக்கரத்திற்கு இத்தனை அச்சமில்லை. ஒரு நேரத்தில் ஒரு சக்கரம் மட்டுமே. தெளித்து, மென்மையான பிரஷ்ஷால் தேய்த்து, ஓரிரு நிமிடத்திற்குள், உலர்வதற்கு முன்பே, நிறைய நீர்விட்டுக் கழுவிவிட வேண்டும். இரும்பு நார் கூடவே கூடாது. கையில் ரப்பர் உறை, கண்ணுக்குக் கண்ணாடி. தெறித்த துளி கண்ணில் பட்டால் ஓடும் நீரில் கால் மணி நேரத்திற்குக் குறையாமல் கழுவிக்கொண்டே இருந்து, பிறகு மருத்துவரிடம் செல்லவேண்டும். காரத்தை முறிக்கிறேன் என்று எலுமிச்சையையோ வினிகரையோ அங்கே கொண்டுவராதீர்கள்.

சக்கரத்திற்கென்றே விற்கும் அமிலத் திரவங்களும் உண்டு. அவற்றுட் சிலவற்றில் ஃபுளூரைடு சேர்ந்த அமிலம் இருக்கிறது. அது தோலில் பட்ட உடனே வலி தெரியாமலே உட்புகுந்து, உடலின் கால்சியத்தைப் பற்றி, எலும்புவரை கேடு செய்ய வல்லது. மாணவர்கள் அதைத் தொடவே வேண்டாம். பிளீச்சிங் பவுடரோடு எந்த அமிலத்தைச் சேர்த்தாலும் குளோரின் வாயு கிளம்பும் என்பதை நீங்கள் ஆய்வுக்கூடத்தில் அறிந்திருப்பீர்கள். வீட்டு வாசலும் அவ்வகையில் ஓர் ஆய்வுக்கூடந்தான்.

இனி டயர். டயரின் ரப்பர் நீர்த்த காரத்திற்கு எளிதில் அசைவதில்லை. 1839-இல் சார்லஸ் குட்இயர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கி அதற்கு உறுதி தந்தார். அந்த உறுதியே இன்றும் நம்மைச் சுமக்கிறது. ரப்பருக்குப் பகை பெட்ரோலிய எண்ணெய்கள். மண்ணெண்ணெயிலும் டீசலிலும் துணியை நனைத்து டயரைக் கருகருவென்று துடைக்கும் வழக்கத்தை நம் ஊர்களில் காணலாம். ஒரு நாளைக்குப் பளபளக்கும். எண்ணெயை உறிஞ்சிய ரப்பரோ உப்பி வலுவிழக்கும். இன்னொன்று: நாளான டயரின் பக்கவாட்டில் ஒரு பழுப்பு நிறம் ஏறுகிறதே, அது முழுவதும் அழுக்கு அன்று. காற்றிலுள்ள ஓசோன் ரப்பரை வெடிக்கச் செய்யாமல் தடுப்பதற்காகச் சேர்த்த ஒரு காப்புப் பொருள் உள்ளிருந்து மெல்ல மேலே கசிந்து, அங்கே காற்றுப்பட்டுப் பழுத்திருக்கிறது. டயருக்கு அது மெய்க்காப்பாளன். பார்வைக்காக எப்பொழுதாவது நீக்கினால் குற்றமில்லை. வாரந்தோறும் வன்மையான திரவத்தால் சுரண்டிக்கொண்டிருந்தால் காப்பாளனை நாமே துரத்தியவர்கள் ஆவோம்.

இந்த ரப்பரைப் பற்றி ஓர் இடைச்செருகல். நம் நாட்டில் ரப்பரை வாணிகப் பயிராக முதன்முதல் நட்டது 1902-இல், கேரளத்துத் தட்டேக்காட்டில். அதாவது பெரியாற்றின் கரையில். 1895-இல் கட்டி முடித்த அணையால் நம் பக்கம் திரும்பி, நம் வயல்களுக்கு வரும் அதே ஆறு. டயரை ஊட்டியதும் நம்மை ஊட்டுவதும் ஓர் ஆறே என்று எண்ணிக்கொள்வதில் எனக்கு ஒரு மகிழ்ச்சி.

டயர் மெருகு என்று விற்கும் எண்ணெய்ப் பசையைப் பற்றி இருசக்கர வண்டி ஓட்டும் மாணவர்களுக்கு ஒரு சொல். அதைத் தரையில் படும் பகுதியில், பட்டறைக்காரர்கள் பட்டன் என்று சொல்லும் பகுதியில், ஒருநாளும் தடவக்கூடாது. காரின் டயரில் பக்கவாட்டு வேறு, பட்டன் வேறு. மோட்டார் சைக்கிளில் அப்படியன்று. போடிமெட்டுப் பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் நீங்கள் சாயும்பொழுது, டயரின் ஓரமும் தரையைப் பற்றவேண்டும். நேற்று அழகுக்காகத் தடவிய எண்ணெய் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது.

கழுவிய நீர் எங்கே போகிறது என்பதையும் நான் வெகுநாள் எண்ணிப்பார்த்ததில்லை. எங்கள் தெருச் சாக்கடை வாய்க்காலில் சேர்கிறது. வாய்க்கால் முல்லைப்பெரியாற்றில் சேர்கிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று ஊர் ஊராகத் தொட்டு ஓடும் அந்த ஆறு வையையில் கலந்து, 1959-இல் திறந்த வைகை அணையில் தேங்கி, மதுரைக்குக் குடிநீராகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், மழை பெய்தவுடன் ஓடைகளில் கோஹோ என்னும் சால்மன் மீன்கள் செத்து மிதந்தன. காரணம் பல ஆண்டுகளாகப் புலப்படவில்லை. 2020-இல் அங்குள்ள ஆய்வாளர்கள் அதைக் கண்டு வெளியிட்டார்கள். முன்பு சொன்ன காப்புப் பொருள் ஒன்று ஓசோனோடு சேர்ந்து ஒரு புதுப்பொருளாகிறது. லிட்டருக்கு ஒரு மைக்ரோகிராமுக்கும் குறைவான அளவில் அது அம்மீனைக் கொல்கிறது. சாலையில் தேயும் டயர்ப்பொடியே அதற்குப் பெருங்காரணம். கழுவும் வாளி நீர் அன்று. ஆயினும் ஆற்றுப்படுகையில் வண்டியை இறக்கிக் கழுவும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதை இச்செய்தி அறிந்தபின் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடிவதில்லை. ஆற்றை விட்டு விலகி, நீர் மண்ணில் சுவறும் இடமாகப் பார்த்து, கிணற்றுக்கும் அருகில் இல்லாமல், இரண்டு மூன்று வாளிக்குள் வேலையை முடித்துக்கொள்ளலாம். தண்ணீரை வடிகட்டித் தொட்டியில் விடும் வாட்டர் சர்வீஸ் நிலையம் அருகில் இருந்தால் அது இன்னும் நல்லது.

அந்தத் தம்பியின் கை இரண்டு வாரத்தில் ஆறிற்று. மருத்துவர் களிம்பு கொடுத்தார். திராட்சை வெட்டும் வேலையை அந்த இரண்டு வாரமும் அவன் தாயார் பார்த்துக்கொண்டார். இப்பொழுது அவன் முதுகலை படிக்கிறான். விடுமுறைக்கு வந்தால் சில ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சேர்ந்தே கழுவுகிறோம். அவனுக்கென்று ஒரு சோடி கையுறை என் வீட்டுத் திண்ணையில் தொங்குகிறது. டப்பாவின் பின்புறத்தை அவன் உரக்கப் படிக்க, நான் அளந்து கலக்கிறேன்.

கழுவி முடித்தவுடன் வண்டியை அப்படியே நிறுத்திவிடுவதும் இல்லை. நனைந்த பிரேக் முதல் மிதிக்குச் சரியாகப் பிடிக்காது. ஈரத்தோடு இரவெல்லாம் நின்றால் தட்டில் துருவும் ஏறும். ஆகவே தெருமுனை வரை மெதுவாக ஓட்டி, பின்னால் யாரும் வரவில்லை என்று பார்த்து, நாலைந்து முறை இலேசாக மிதித்து ஈரத்தைப் போக்கித் திரும்புகிறோம். முன்பக்க இடது சக்கரத்தில் அந்த வெள்ளைத் திட்டு இன்னும் இருக்கிறது. மெருகு போடுபவர் ஒருவர் அதை மாற்றித் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.